அறுபத்தாறு அடிக்கு முன்பே ஊதும் சங்கு

71 அடிவரை நீர் தேக்குகிற வைகை அணையில் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல்கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை விடுவார்கள். 68.5 அடியில் இரண்டாம் கட்டம். 69 அடியில் மூன்றாம் கட்டம். அதற்குப் பிறகு வருகிற தண்ணீரை அப்படியே ஆற்றில் திறந்துவிட வேண்டியதுதான். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என ஐந்து மாவட்டங்களுக்கும் தகவல் போகும். 1959இல் காமராஜர் திறந்துவைத்த அணை இது. இதன் அடிவாரத்தில் வளர்ந்த எங்களுக்குச் சங்குச் சத்தம் புதிதல்ல. ஊதினால் ஆற்றுக்குள் இறங்கி நிற்கிறவர்கள் கரையேறுவார்கள். மாட்டை அவிழ்த்து மேட்டில் கட்டுவார்கள். அவ்வளவுதான். மூட்டை முடிச்சோடு யாரும் ஓடுவதில்லை. சங்குக்கு ஒரு கணக்கு உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். 65 அடியில் அது ஊதாது.

என் அக்கா மகனுக்கு உடம்புக்குள் ஒரு சங்கு இருக்கிறது. அது 20 அடியிலேயே ஊதிவிட்டது.

பையனுக்கு 24 வயது. கோயம்புத்தூரில் கணினி வேலை. பாதி மாதம் வீட்டிலிருந்தே இரவுப் பணி. போன வருஷம் ஒரு ராத்திரி வலது கெண்டைக்கால் துடித்திருக்கிறது. வலி இல்லை. தோலுக்கு அடியில் புழு நெளிகிற மாதிரி விட்டு விட்டு ஒரு துடிப்பு. இரண்டு நாளாகியும் நிற்கவில்லை என்றதும் போனை எடுத்துத் தேடியிருக்கிறான். தூக்கமின்மை, காபி, களைப்பு என்று முதலில் வந்த காரணங்களை அவன் கண் தாண்டிப் போய், ‘இயக்க நரம்பணு நோய்’ என்ற இடத்தில் நின்றுவிட்டது. மூளையிலும் தண்டுவடத்திலும் இருந்து தசைகளுக்கு உத்தரவு கொண்டுபோகிற நரம்பணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகிற நோய். கை, கால், நாக்கு, கடைசியில் மூச்சு. அதில் முக்கியமான வகைக்கு ஏ.எல்.எஸ். என்று பெயர். 2014இல் உலகமே தலையில் ஐஸ் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு படம் எடுத்துப் போட்டதே, அது இந்த நோய்க்காகத்தான். ஸ்டீபன் ஹாக்கிங்குக்கு வந்தது. 1963இல் கண்டுபிடித்தபோது அவருக்கு வயது 21 என்று படித்த இடத்தில் பையனுக்குக் கெதக்கென்று ஆகிவிட்டது. டாக்டர்கள் இரண்டு வருஷம் கெடு சொன்ன அதே மனிதர் 2018 வரை, 76 வயது வரை இருந்தார் என்பது அடுத்த வரியிலேயே இருந்திருக்கும். பயந்தவன் அடுத்த வரிக்குப் போவதில்லை.

அதன் பிறகு ஆறு மாதம் அந்த வீட்டில் நடந்ததை எந்த டாக்டரும் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். காலையில் எழுந்ததும் குதிகாலால் நடந்து பார்ப்பான், பிறகு நுனிக்காலால். ஒற்றைக்காலில் நின்று எண்ணுவான். அக்காவின் தையல் மிஷின் டிராயரில் இருந்த இஞ்ச் டேப்பால் இரண்டு கெண்டைக்காலையும் அளந்து நோட்டில் எழுதுவான். ஒரு கால் மற்றதைவிடச் சற்றுப் பருமனாக இருப்பது சகஜம். அளக்காத வரைக்கும் யாருக்கும் தெரிவதில்லை. கண்ணாடி முன்னால் நின்று நாக்கை நீட்டிப் பார்ப்பான். நீட்டிய நாக்கு யாருக்குமே லேசாக நடுங்கத்தான் செய்யும். அது அவனுக்குத் தெரியாது, அப்போது எனக்கும் தெரியாது. “மாமா, நான் பேசுறது குழறுதா?” என்று நாளைக்கு நாலு தடவை கேட்பான். “இல்ல மாப்ள, நல்லாத்தான் பேசுற” என்பேன். முகம் தெளியும். சாயங்காலம் மறுபடி அதே கேள்வி.

மூன்று டாக்டர்களைப் பார்த்தோம். முதலாமவர் சத்து மாத்திரை எழுதினார். இரண்டாமவர் முகத்தைப் பார்க்காமலே ஸ்கேனுக்குச் சீட்டு எழுதினார். மூன்றாமவர்தான் நரம்பியல் நிபுணர். முழங்காலில் சுத்தியலால் தட்டினார், கைகால் பலத்தைச் சோதித்தார், தசையில் ஊசி செலுத்திப் பார்க்கும் மின் பரிசோதனையும் எடுத்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்ல, போய் வேலையைப் பாருங்க” என்றார். மருத்துவப்படி அதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை. ஆனால் பஸ் ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டுவதற்குள் பையன் போனை எடுத்துவிட்டான். ‘ஆரம்ப கட்டத்தில் இந்தப் பரிசோதனையில் தெரியாமல் போகுமா?’ என்று தேடிக்கொண்டிருந்தான்.

இந்த ‘ஒண்ணுமில்ல’வைப் பற்றித்தான் எழுத வந்தேன். டாக்டர் அதைச் சொல்லிவிட்டு அடுத்த சீட்டைக் கூப்பிடுகிறார். துடிக்கிற காலோ துடித்துக்கொண்டே இருக்கிறது. அதற்கு யாராவது ஒரு பொருள் சொல்லியாக வேண்டும்.

துடிப்புக்குப் பொருள் கேட்பது நமக்கு நேற்று வந்த பழக்கமில்லை. சிலப்பதிகாரத்தில் இந்திரவிழாவின் முடிவில் கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடிக்கின்றன. பெண்ணுக்கு இடது துடித்தால் நல்லது, வலது துடித்தால் ஆகாது. பிரிந்தவன் கண்ணகியிடம் திரும்புவான் என்பது சகுனம்; திரும்பவும் செய்தான். திரும்பியவனோடு அவள் மதுரைக்குப் போய் என்ன ஆனது என்பது தெரிந்த கதை. கூடலூருக்கு மேலே பளியன்குடி வழியாக மலையேறினால் மங்கலதேவி கண்ணகி கோட்டம். சித்திரா பௌர்ணமிக்கு ஏறுகிற கூட்டத்தில் நானும் போயிருக்கிறேன். நல்ல சகுனமாகக் கண் துடித்தவள், புருஷனைப் பறிகொடுத்து, ஊரை எரித்துவிட்டு வந்து நின்ற இடம் என்று சொல்கிற மலை அது. துடிப்புக்குச் சொல்கிற பலனை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டியதில்லை. ஆனாலும் பல்லி விழும் பலனோடு சேர்த்து அங்கம் துடிக்கும் பலனையும் அச்சடிக்கிற பஞ்சாங்கங்கள் உண்டு. அந்தப் பலன்களில் பாதிக்குப் பாதியாவது நல்லதாக இருக்கும்: தனலாபம், உறவினர் வருகை, புது வஸ்திரம். போனில் வருகிற பலனில் வஸ்திரம் கிடையாது.

பஞ்சாங்கத்துக்கும் போனுக்கும் நடுவே இன்னொருவர் வந்துபோனார். என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைச் சுவர், தியேட்டர் இடைவேளை ஸ்லைடு, பிறகு நடுராத்திரி டி.வி. ‘நரம்புத் தளர்ச்சியா? கை நடுக்கமா? இளமையில் செய்த தவறா?’ மாதம் ஒரு நாள் இன்ன ஊர், இன்ன லாட்ஜ், இன்ன ரூம் என்று வைத்தியர் வருவார். கல்யாணத்துக்கு நிற்கிற பையன்கள் துண்டால் முகத்தை மறைத்துக்கொண்டு மாடியேறுவார்கள். விந்து போனால் நரம்பு செத்துவிடும் என்ற பயத்தை விற்றுத்தான் அந்த லேகியம் விற்றது. வடக்கே இதே பயத்தோடு வந்த இளைஞர்களைப் பார்த்துவிட்டு மனநல மருத்துவர் என்.என்.விக் 1960இல் அதற்கு ‘தாத்’ நோய்க்குறி என்று பெயர் வைத்தார். நரம்பு என்ற சொல்லே நம் பையன்களுக்கு அச்சம் தருவதற்கு இந்தச் சுவரெழுத்துகளும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். காலம் மாறி லேகியம் போய் ஏ.எல்.எஸ். வந்திருக்கிறது. வயது அதேதான். வேலைக்கும் கல்யாணத்துக்கும் நடுவில், எதிர்காலம் எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாத வயது.

அப்படியானால் துடிப்புக்கு உண்மையில் என்னதான் பொருள்?

பெரும்பாலும் பெரிய பொருள் ஒன்றும் கிடையாது. தசைக்குப் போகும் நரம்பின் நுனி, உத்தரவு வராமலே தானாக ஒரு தடவை பொறி தட்டுகிறது. அதன் பிடியில் இருக்கிற தசைநார்க் கற்றை சுண்டி இழுக்கிறது. தூக்கம் கெட்டால் கூடும். காபி, டீ கூடினால் கூடும். ஓடியாடிக் களைத்தால் கூடும். பயந்தால் கூடும். கடைசியாகச் சொன்னதில்தான் வில்லங்கம்: துடிப்பு பயத்தைக் கொடுக்கிறது, பயம் துடிப்பைக் கூட்டுகிறது. நரம்பணு சாகிற நோயில் துடிப்பு வரும், உண்மைதான். ஆனால் அங்கே பலம் குறையும், சதை வற்றும். மாடிப்படி ஏறுகிறவன், பைக்கை உதைத்துக் கிளப்புகிறவன், குதிகாலால் நடந்து காட்டுகிறவன் காலில் வெறும் துடிப்பு மட்டும் இருந்தால் கதை வேறு.

எங்கள் பள்ளத்தாக்கில் துடிப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. இங்கே உட்கார்ந்து வைத்தியம் பார்க்கிற டாக்டர் அதைக் கேட்காமல் விடக்கூடாது. “மருந்து அடிச்சியாப்பா?” கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டங்களிலும் மலைமேல் ஏலத்தோட்டங்களிலும் முகத்தில் துணிகூடக் கட்டாமல் பூச்சிமருந்து அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆர்கனோ பாஸ்பரஸ் வகை மருந்து உடம்பில் ஏறினால், நரம்பு தசைக்கு அனுப்பும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைச் சிதைக்கிற நொதி முடங்கிப்போகும். உத்தரவு ஓயாமல் வந்துகொண்டே இருக்கும், தசை துடிக்கும். கூடவே வியர்வை, வாயில் நீர் ஊறுதல், கண்ணில் நீர், சுருங்கிய கண்பாப்பா. இது இணையத்தில் தேடிக்கொண்டிருக்கிற நேரமில்லை, ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற நேரம். என் மருமகனைப் பார்த்த மூன்று பேரில் ஒருவர்கூட இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவன் மருந்து அடிக்கிறவன் இல்லை, சரி. ஆனாலும் கேட்டிருந்தால், துடிப்புக்குப் பல காரணங்கள் உண்டு, தன் காலையும் ஒரு டாக்டர் யோசித்துப் பார்க்கிறார் என்று அவனுக்குப் பட்டிருக்கும்.

‘சின்ன வயசுக்காரனுக்கு இதெல்லாம் வராது’ என்று அடித்துச் சொல்கிறவர்களும் உண்டு. நானும் அப்படிச் சொன்னேன். அவன் போனில் தேடி, ‘மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்’ என்று ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். பெயரிலேயே மெட்ராஸ்! என் வாய் அடைத்துவிட்டது. பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். சென்னையில் மீனாட்சிசுந்தரம், ஜெகநாதன், பி.ராமமூர்த்தி ஆகிய மருத்துவர்கள் 1970இல் எழுதிய கட்டுரை அந்த நோயை உலகுக்குக் காட்டியது. தென்னிந்தியாவில் அதிகம் பதிவானது; இளவயதில் தொடங்குவது; கைகால் மெலிவோடு முகத் தசைகளும் காதும் பாதிக்கப்படும். மிக மிக அரிது. வந்தவர்களுக்கும் மெதுவாகவே நகர்கிறது, பல பத்தாண்டுகள் வாழ்கிறார்கள். பையனிடம் இதைச் சொன்னபோது அவன் கேட்டது: “காது எனக்கு நல்லாத்தான் கேக்குது, இல்ல மாமா?” ஆக, ‘வரவே வராது’ என்ற பொய்யைவிட இந்த உண்மை கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்தது. பெங்களூரு நிம்ஹான்ஸில் 30 ஆண்டுகளில் பார்த்த 1,153 ஏ.எல்.எஸ். நோயாளிகளின் கணக்கை 2008இல் வெளியிட்டார்கள். நோய் தொடங்கிய சராசரி வயது 46. மேற்கத்திய நாடுகளைவிட அது இளவயதுதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு பெரிய மையத்துக்கு 30 ஆண்டுகளில் வந்த மொத்தமே அவ்வளவுதான் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

துடிப்பு மட்டுமே உள்ளவர்களுக்குப் பின்னாளில் என்ன ஆகிறது என்பதற்கும் ஒரு பழைய பதில் இருக்கிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் தீங்கற்ற துடிப்பு என்று முடிவான 121 பேரை, இரண்டு ஆண்டு முதல் 32 ஆண்டுவரை தொடர்ந்து விசாரித்து 1993இல் எழுதினார்கள். ஒருவருக்கும் அந்த நோய் வரவில்லை. இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? நான் பெரிய சாதனை செய்தவனைப் போல இதைப் பையனிடம் எடுத்துப் போனேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “நான் 122ஆவது ஆளா இருந்தா?” என்றான்.

அப்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. இவனுக்குத் தகவல் போதாமல் இல்லை. துடிப்பைப் பற்றி நன்றாகப் படித்த டாக்டர்களுக்கே தங்கள் தசை துடித்தால் இதே பயம் பிடிக்கிறது. ஆஸ்திரேலிய நரம்பியல் மருத்துவர்கள் இருவர் இதைப் பற்றி 2013இல் கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். ஆறுதல் வார்த்தை, ஸ்கேன், புள்ளிவிவரம் எல்லாம் சில மணிநேரம் வேலை செய்கிற வலி மாத்திரை மாதிரி. வேகம் இறங்கியதும் அடுத்தது வேண்டும், அதுவும் கொஞ்சம் பெரிதாக. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப்பட்டியல் இந்த நோயச்சக் கோளாறை எண்ணச் சுழல் நோயின் குடும்பத்தில் சேர்த்திருப்பது இதனால்தான். கை சுத்தமாகவில்லை என்று நாற்பது தடவை கழுவுகிறவரிடம் ‘கை சுத்தமாத்தான் இருக்கு’ என்று சொல்லி என்ன பயன்?

பக்கத்து மாநிலத்தாரைப் பற்றிக் கம்பம் பள்ளத்தாக்குக்காரன் ஒருவன் இங்கே ஒன்று சொல்லாமல் போக முடியாது. 1895இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையை உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஏ.எஸ்.ஆனந்த் தலைமையிலான குழு ஆராய்ந்து 2012இல் பலமாக இருக்கிறது என்றது. 2014 மே 7ஆம் தேதி 142 அடிவரை தேக்கலாம் என்று தீர்ப்பும் வந்தது. அந்தப் பக்கம் பயம் தீர்ந்ததா? ஒவ்வொரு மழைக்கும் இன்னொரு ஆய்வு கேட்கிறார்கள். அதில் அரசியல் உண்டு, அணைக்குக் கீழே குடியிருப்பவரின் கவலையும் உண்டு. அந்த வழக்கை இங்கே நடத்தப் போவதில்லை. சான்றிதழால் பயம் தீராது என்பதற்கு மட்டும் அது சாட்சி.

ஸ்கேன் விஷயத்துக்கு வருகிறேன். ‘எதுக்கும் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துருவோம்’ என்பது இப்போது டாக்டரும் நோயாளியும் சேர்ந்து சொல்கிற வார்த்தை. நெதர்லாந்தின் ராட்டர்டாமில் தொந்தரவு எதற்காகவும் வராத 2,000 பேருக்கு மூளை ஸ்கேன் எடுத்து 2007இல் வெளியிட்டார்கள். எல்லோரும் நாற்பத்தைந்தைத் தாண்டியவர்கள். நூற்றுக்கு ஏழு பேர் மூளையில் அவர்களுக்கே தெரியாத பழைய ரத்தக்குழாய் அடைப்பின் தடம், 1.6 சதவீதத்தினருக்குத் தீங்கற்ற கட்டி. இளைஞர்களிடம் இவை குறைவு. இருந்தாலும் பயத்துக்காக எடுக்கிற ஸ்கேனில் எதிர்பாராமல் ஏதோ ஒரு புள்ளி தென்பட்டால், அந்தப் புள்ளி அவன் ஆயுள் முழுக்கக் கூட வரும்.

கைவிரல் மரத்துப்போகிறது, உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்கிறது, தலை மிதக்கிறது: இப்படியும் பையன்கள் வருகிறார்கள். பக்கவாதமோ, மூளைக்கட்டியோ என்று பதறுகிறார்கள். பயந்தவன் தனக்குத் தெரியாமலே வேகமாக மூச்சு விடுகிறான். ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது, காரத்தன்மை ஏறுகிறது, அதனால் நரம்புக்குக் கிடைக்க வேண்டிய தனிநிலைக் கால்சியம் குறைகிறது. விரல் மதமதக்கிறது, சில சமயம் கை கொக்கிபோல மடங்கிவிடுகிறது. நிஜமான உடம்பில் நிஜமாகவே நடக்கிற ரசாயனம் இது. ‘எல்லாம் உன் நெனப்புத்தான்’ என்று அவனிடம் சொல்வது பொய்.

நிஜமான ஆபத்து பக்கத்திலேயே இருக்கும்போது கணக்குச் சொல்வது இன்னும் கடினம். 2024இல் கேரளத்தில் மூளையைத் தின்னும் அமீபாவால் குழந்தைகள் இறந்த செய்தி குமுளி, போடிமெட்டு மலைகளைத் தாண்டி இங்கே வர அதிக நேரம் ஆகவில்லை. சுருளியிலும் கும்பக்கரையிலும் குளித்துவிட்டு வந்த பையன்கள் தலைவலி வந்தால் கலங்கினார்கள். வெதுவெதுப்பான நன்னீரில் இருக்கும் அந்தக் கிருமி மூக்கின் வழியாகத்தான் மூளைக்குப் போகிறது, குடித்தால் வராது, தொட்டால் ஒட்டாது, லட்சக்கணக்கானோர் குளித்தாலும் மிகச் சிலருக்கே வருகிறது. காய்ச்சல், வாந்தி, கழுத்து விறைப்பு என்று ஓரிரு நாளில் விறுவிறுவென முற்றும். மூன்று மாதமாக இருக்கிற தலைவலி அது ஆகாது. இதுவும் ஒரு 66 அடிக் கணக்குதான். இப்படி யாராவது கணக்காகச் சொன்னால் பையன்கள் கேட்டுக்கொள்கிறார்கள்.

வீண் பயம்தானே, யார் செத்தார்கள் என்று நினைக்க வேண்டாம். நோயச்சக் கோளாறு என்று பதிவான 4,129 பேரை வைத்து சுவீடனில் நடந்த ஆய்வு 2023 டிசம்பரில் வெளியானது. அந்தக் கோளாறு இல்லாதவர்களைவிட இவர்களுக்கு மரண ஆபத்து 84 சதவீதம் கூடுதல். தற்கொலை ஆபத்து ஏறத்தாழ நான்கு மடங்கு. சாவுக்கு இவ்வளவு பயப்படுகிறவர்கள், அந்தப் பயத்தாலேயே சாவுக்குப் பக்கத்தில் போய்விடுகிறார்கள். இந்த ஆய்வைப் பையனிடம் நான் காட்டவில்லை. அக்காவிடம் மட்டும் சொன்னேன். ‘சும்மா இருடா’ என்று அவனை அதட்டுவதை அன்றோடு விட்டாள்.

எங்கள் அப்பத்தா காலத்தில் இதற்கு ஒரு பெயர் இருந்தது: பயந்த கோளாறு. பிள்ளை சுணங்கிப்போனால், சாப்பிடாமல் தூங்காமல் கிடந்தால், ‘புள்ள எதையோ பாத்துப் பயந்திருக்கு’ என்பார்கள். திருநீறு போடுகிறவரிடம் கூட்டிப்போவார்கள். அவர் உட்காரவைத்து, என்ன கனவு கண்டாய், எங்கே போனாய் என்று கேட்டு, வேப்பிலையால் வருடி, கயிறு கட்டி, மூன்று வெள்ளிக்கிழமை வரச் சொல்வார். கயிற்றை நான் நம்பவில்லை; அதை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் செத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆனால் இரண்டு விஷயம் அந்த மனிதரிடம் இருந்தது. பயத்தையே ஒரு கோளாறு என்று ஒப்புக்கொண்டார். மறுபடி வா என்றார். நம் வெளிநோயாளிப் பிரிவில் இரண்டுமே கிடையாது.

இதற்கு வைத்தியம் இருக்கிறது, அது பெரிய செலவுள்ள வைத்தியமும் இல்லை. முதலில் தேர்ந்த ஒருவர் முழுமையாக ஒரு தடவை சோதிப்பது. பிறகு சோதனையை நிறுத்துவது. அதன்பின் பேச்சு. ‘உனக்கு அந்த நோய் இருக்கிறது என்பது ஒரு கணக்கு, அந்த நோயைப் பற்றிய கவலை இருக்கிறது என்பது இன்னொரு கணக்கு, இந்த மாதம் முழுக்க இரண்டாவது கணக்கை வைத்து நடந்து பார்ப்போம்’ என்று தொடங்குவார்கள். இஞ்ச் டேப்பை ஒளித்துவைப்பது, போனில் தேடுவதை முதலில் ஒரு மணிநேரம், பிறகு ஒரு நாள் தள்ளிப்போடுவது, வீட்டார் ‘நல்லாத்தான் இருக்க’ என்று திரும்பத் திரும்பச் சொல்வதை நிறுத்துவது என்று போகும். தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. பிரிட்டனில் பீட்டர் டைரர் குழுவினர் நரம்பியல், இதயம், வயிறு முதலிய பிரிவுகளுக்கு வந்த நோயச்சக்காரர்கள் 444 பேரை வைத்து இதைச் சோதித்து 2014இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்கள். ஐந்து முதல் பத்து அமர்வு. அதிகப் பயிற்சி இல்லாத, அந்த ஆஸ்பத்திரிகளின் செவிலியர்களே நடத்தினாலும் நன்றாகப் பலித்தது.

செவிலியர்களே போதும் என்பதை நான் அடிக்கோடிட்டுப் படித்தேன். 2015-16இல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, மனநலக் கோளாறு உள்ளவர்களில் நோய்க்குத் தக்கபடி 70 முதல் 92 சதவீதம் பேருக்குச் சிகிச்சை எட்டவில்லை என்றது. மனநல மருத்துவர்களை மலையடிவாரத்தில் ஊருக்கு ஒருவராக முளைக்கவைக்க முடியாது. செவிலியர் எல்லா ஊரிலும் இருக்கிறார். 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் என்று வீடு வீடாகப் போய்ச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் பார்க்கிற ஏற்பாடு நம் மாநிலத்தில் இருக்கிறது. நோய்க்காக வீடு தேடிப் போக முடிகிற அரசுக்கு, பயத்தோடு தேடி வருகிறவனை அரை மணிநேரம் உட்காரவைப்பது முடியாத காரியமில்லை.

வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் சில அடிக்கணக்குகளைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். காலில் செருப்பு தெரியாமல் நழுவிக்கொண்டே இருப்பது, சட்டைப் பொத்தான் போட வராதது, சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகக் கை தடுமாறுவது, கட்டைவிரலுக்குக் கீழே சதை வற்றுவது, தண்ணீர் குடித்தால் அடிக்கடி புரையேறுவது: இவற்றுக்குத் தள்ளிப்போடாமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். முகம் ஒரு பக்கம் கோணுவது, பேச்சு திடீரென்று குழறுவது, ஒரு கை விழுந்துவிடுவது, வாழ்நாளில் வராத தலைவலி ஒரே நிமிஷத்தில் உச்சத்துக்குப் போவது என்றால் 108ஐக் கூப்பிடுங்கள். மற்றபடி வெறும் துடிப்புக்கும் மதமதப்புக்கும் ஒரு தடவை காட்டுங்கள், ஒரே ஒரு தடவை. பிறகும் பயம் விடாவிட்டால் அடுத்த ஸ்கேன் வேண்டாம்; 14416க்குப் பேசுங்கள். மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி மானஸ் எண் அது. தமிழில் பேசலாம், காசில்லை. என் மருமகன் அப்படிப் பேசத் தொடங்கி, பிறகு ஒரு மனநல மருத்துவரிடம் எட்டு வாரம் போனான். கால் இன்னும் அவ்வப்போது துடிக்கிறது. இஞ்ச் டேப் மறுபடி தையல் மிஷின் டிராயருக்குப் போய்விட்டது.

அணையிலிருந்து கொஞ்ச தூரத்தில், க.விலக்கில், தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறுகிற பெண்ணும் கோயம்புத்தூர் கம்பெனிக்காரப் பையனும் கடைசியில் வந்து நிற்கிற இடம் அது. அங்கே வாரத்தில் ஒரு பிற்பகல், ஓர் அறை, பயிற்சி கொடுத்த இரண்டு செவிலியர், ‘சோதனையில் ஒண்ணுமில்ல, பயம் இருக்கு, அதுக்கு அடுத்த வாரம் வாங்க’ என்று எழுதித் தர ஒரு சீட்டு. மாவட்ட ஆட்சியரும் மருத்துவமனை முதல்வரும் நினைத்தால் இந்த வடகிழக்குப் பருவமழைக்குள் தொடங்கிவிடலாம்.